ஹிட்லரின் ரகசியத்தை உடைத்த போத்தனூர் பேரன்

கொல்லிமலையில் ஒரு பாவை உண்டு என்பது பழங்கதை. சங்கப் புலவர்களே அதைப் பாடியிருக்கிறார்கள். முனிவர்கள் தவம் செய்த இடத்துக்கு அரக்கர்களால் தொல்லை வந்ததாம். காவலுக்கு ஒரு பெண் சிலையைச் செய்து வைத்தார்கள். பகைவர் வாடை பட்டால் போதும். சிலை தானே அசையும், சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கி வந்தவன் மாண்டு போவான். ஆளில்லாமல் காவல் காக்கும் பொம்மை!

அது கதை. கதையாக இல்லாமல், உண்மையிலேயே இயந்திரத்தைக் கொண்டு ஒரு நாட்டைக் காத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஆலன் டூரிங். இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஒருவர் செல்போனில் பணம் அனுப்பினால், வழியில் எவனும் படிக்க முடியாதபடி அது ரகசிய எழுத்தாக மாறிப் போகிறது. அந்த வித்தையை மனிதன் கையிலிருந்து இயந்திரத்தின் கைக்கு மாற்றியவர்களில் டூரிங் முக்கியமானவர்.

தாய் பிறந்த ஊர்

கொல்லிமலைக்கு வடமேற்கே சேலம். சென்னையிலிருந்து சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூர் போகும் ரயில் பாதையை அந்தக் காலத்தில் சென்னை ரயில்வே கம்பெனி நடத்தியது. கம்பெனியின் தலைமை என்ஜினீயராக இருந்தவர் எட்வர்டு ஸ்டோனி. அவருடைய மகள் எதெல் 1881-ல் போத்தனூரில் பிறந்தாள். அவளை மணந்த ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் 1912 ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தான்.

குழந்தைக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை. தாய் அவனை இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தாரிடம் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாள். கணவருக்குச் சர்க்கார் உத்தியோகம், வேறு வழியில்லை.

பையன் முரட்டுப் பிடிவாதக்காரன். 13 வயதில் புதுப் பள்ளியில் சேரப் போனபோது நாடெங்கும் வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. சைக்கிளிலேயே 60 மைல் மிதித்துப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தான்! கணக்கில் புலி. கேம்பிரிட்ஜில் படித்து, 22 வயதில் அங்கேயே ஆய்வாளர் பதவி பெற்றார். 1936-ல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டளைகளை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒரே இயந்திரம் எல்லாக் கணக்கையும் போடும் என்பது அதன் சாரம். கம்ப்யூட்டருக்கு விதை அதுதான்.

எனிக்மா

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஜெர்மானியர்களிடம் எனிக்மா என்று ஒரு பெட்டி இருந்தது. பார்ப்பதற்கு டைப்ரைட்டர் மாதிரி. ஓர் எழுத்தைத் தட்டினால் வேறோர் எழுத்து விளக்கில் தெரியும். உள்ளே சுழலும் சக்கரங்களின் அமைப்பைத் தினமும் மாற்றுவார்கள். கோடி கோடி அமைப்புகள்! அவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க மனித ஆயுள் போதாது.

போலந்து நாட்டுக் கணித மேதைகள் இதை முதலில் உடைத்திருந்தார்கள். அவர்கள் வழியை விரித்து டூரிங் 'பாம்' என்ற பெரிய இயந்திரத்தை வகுத்தார். எனிக்மாவில் ஒரு குறை உண்டு. எந்த எழுத்தும் அதே எழுத்தாக வெளிவராது. ஜெர்மானியர்களுக்கும் ஒரு பழக்கம் உண்டு. வானிலைச் செய்தியை எப்போதும் ஒரே வாசகங்களில் அனுப்புவார்கள். இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, தவறான அமைப்புகளை இயந்திரம் சரசரவென்று தள்ளியது. பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, சாவி வைத்திருப்பவனின் சோம்பல் போதுமே!

அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்து வந்தன. கடற்படைச் செய்திகளை உடைக்கும் பகுதிக்கு டூரிங்தான் தலைவர். நீர்மூழ்கிகள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தெரிந்ததும் கப்பல்கள் வேறு வழியில் திரும்பின.

பிரதமருக்கு ஒரு கடிதம்

இயந்திரம் வந்தது, இயக்க ஆள் வேண்டாமா? குமாஸ்தாக்கள் இல்லை, டைப் அடிப்பவர்கள் இல்லை. மேலதிகாரிகளிடம் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. யுத்தத்தின் தலைவிதியே தொங்குகிறது. சில குமாஸ்தாக்களைக் கொடுக்க ஆபீசில் மனமில்லை.

1941 அக்டோபர் 21-ந் தேதி டூரிங்கும் மூன்று நண்பர்களும் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். மேலதிகாரிகளைத் தாண்டி, பிரதமர் சர்ச்சிலுக்கே நேராகக் கடிதம் எழுதினார்கள். நால்வரில் ஒருவர் ரயிலேறி லண்டன் போய்ப் பிரதமர் மாளிகையில் கொடுத்துவிட்டு வந்தார். சர்ச்சில் கோபிக்கவில்லை. கேட்டதை உடனே கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். யுத்தம் முடியும்போது பிளெட்ச்லியில் சுமார் 9,000 பேர் வேலை பார்த்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

பெண்களுக்குச் சம்பளம் குறைவு. ஜோன் கிளார்க் என்ற கணிதப் பெண்மணியை உயர்த்த விதியில் பதவியே இல்லை. மொழிபெயர்ப்பாளர் என்று எழுதி உயர்த்தினார்கள். அவருக்கோ வேற்றுமொழி எதுவும் தெரியாது! டூரிங் அவரை மணப்பதாக இருந்து, பிறகு தாமே விலகிக்கொண்டார்.

டூரிங்கின் விசித்திரங்கள் பல. பூந்தூள் பட்டால் தும்மல் வரும் என்று விஷவாயு முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். தேநீர்க் குவளையைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைப்பார். யுத்தத்துக்குப் பயந்து வெள்ளிக் கட்டிகளைக் காட்டில் புதைத்தார். இடத்தை ரகசிய எழுத்தில் குறித்தும் வைத்தார். பிறகு தேடிப் பார்த்தபோது கிடைக்கவே இல்லை!

காத்தவருக்குக் கதவடைப்பு

யுத்தத்துக்குப் பின் கம்ப்யூட்டர் செய்வதில் ஈடுபட்டார். இயந்திரம் சிந்திக்குமா என்று 1950-ல் கேட்டு எழுதினார். சர்க்காரின் ரகசிய இலாகாவுக்கும் யோசனை சொல்லி வந்தார்.

1952-ல் அவர் வீட்டில் திருடு போயிற்று. போலீசுக்குச் சொன்னார். விசாரணையில், அவருக்கு வேறோர் ஆணோடு உறவு இருந்தது வெளிவந்தது. அவரே மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அன்றைய இங்கிலாந்தில் அது குற்றம். சிறை அல்லது உடலை மாற்றும் மருந்து என்றது கோர்ட்டு. மருந்தை ஏற்றார். ரகசிய வேலைக்கான அனுமதியைச் சர்க்கார் பறித்தது. நாட்டின் பெரிய ரகசியத்தைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லாதவர் நம்பத் தகாதவர் ஆனார்!

1954 ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் மாண்டார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தவறி நேர்ந்த விபத்து என்றே தாய் கடைசிவரை நம்பினார். 1959-ல் மகனுடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பிளெட்ச்லி ரகசியம் 1974-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. இரண்டு வருஷம் கழித்துப் போத்தனூரில் பிறந்த அந்தத் தாய் காலமானார்.

1967-ல் அந்தச் சட்டம் தளர்ந்தது. 2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி டூரிங்குக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-ல் ஐம்பது பவுன் நோட்டில் அவர் படம் வந்தது. அதில் அவருடைய பிறந்த தேதி எண்ணாக இல்லை. கம்ப்யூட்டர் படிக்கும் ஒன்றும் பூஜ்யமுமாக அச்சாகியிருக்கிறது.