ஆடுகளத்தைப் பாடமாக்கிய ஹாரி குரோ பக்

ஓடைப்பட்டியின் திராட்சைத் தோட்டங்களை அறிந்தோர்க்கு ஓர் உண்மை புதிதன்று. கத்தி பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் கவாத்துச் செய்துவிட இயலாது. எந்தக் கணுவில் வெட்டினால் கொடி காய்க்கும், எவ்விடத்தில் வெட்டினால் வெறுமனே தழைத்து ஓடும் என்பதை அறிந்தவரையே தோட்டக்காரர் தேடி அழைப்பர். விளையாட்டின் நிலையும் இத்தகையதே. ஆடத் தெரிந்தவர் அனைவரும் ஆடக் கற்பிக்கத் தெரிந்தவர் ஆகிவிடுவதில்லை. ஆடுதல் ஒரு திறன். ஆடக் கற்பித்தல் ஒரு கல்வி. இவ்வேறுபாட்டை இந்திய மண்ணில் உணர்த்தி, அக்கல்விக்கெனத் தனி நிறுவனம் ஒன்றைச் சென்னையில் கண்ட முன்னோடி ஹாரி குரோ பக் ஆவார்.

சென்னை நந்தனத்திலுள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரித் திடலைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். ஆனால் அவர்கள் அதனை அறிந்தது புத்தகக் கண்காட்சியின் வாயிலாகவே எனலாம். தோள்பை நிறைய நூல்களுடன் அம்மரநிழலில் நடந்து திரும்பும் நம்முள் எத்தனை பேர், அந்நிலத்தைத் திட்டமிட்டு ஆடுகளங்களாக வகுத்த மனிதரை எண்ணிப் பார்த்திருப்போம்?

பக் அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். அக்கல்லூரியின் பெருமையை இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அங்கேதான். குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கு, கூடத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழக்கூடைகள் இரண்டு சுவர்ப்புறங்களில் மாட்டப்பட்டன. அதே கல்லூரியில் பயின்ற வில்லியம் மார்கன் 1895இல் அருகிலுள்ள ஹோலியோக் நகரில் கைப்பந்தாட்டத்தை வகுத்தார். நம் கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களில் மாலை வேளையில் இரு கம்பங்களுக்கிடையே வலை கட்டி இளைஞர் ஆடும் ஆட்டத்தின் தாய்வீடு இதுவாகும். ஓர் ஆட்டம் தானாக வளர்ந்து வருவது ஒரு முறை. யாருக்கு, எந்த வயதினர்க்கு, எந்த இடத்தில், எந்தப் பயன் கருதி என்று எண்ணி ஆட்டத்தையே வடிவமைப்பது மற்றொரு முறை. பக் பயின்று வந்தது இப்பின்னைய முறையினை.

அக்காலத்தில் அமெரிக்காவில் உடற்கல்வி பற்றிய சிந்தனையே மாறிக்கொண்டிருந்தது. கிளார்க் ஹெதரிங்டன் என்னும் அறிஞர் 1910இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், உடற்கல்வியின் பயன்களை நான்காக வகுத்துக் காட்டினார். உடலுறுப்புகளின் வளர்ச்சி, நரம்பும் தசையும் இணைந்தியங்கும் திறன், பண்பு நலன், அறிவு வளர்ச்சி என்பன அவை. உடற்கல்வி என்பது உடலுக்கு மட்டும் தரும் கல்வியன்று, உடலின் வழியே முழு மனிதனுக்கும் தரும் கல்வி என்பது இதன் சாரம். பின்னாளில் இத்துறை பட்டமேற்படிப்பாகவும் ஆய்வுத் துறையாகவும் வளர்ந்ததற்கு இக்கருத்தே அடித்தளம் எனின் மிகையாகாது. வெறும் உடற்பயிற்சியாக இருந்திருப்பின், அதற்கு உளவியல் எதற்கு? கற்பித்தல் முறை எதற்கு? ஆய்வேடுதான் எதற்கு?

இந்தியாவிலோ நிலைமை வேறாக இருந்தது. ஊர்தோறும் சிலம்பக் கூடங்களும் மற்போர்க் களங்களும் ஆசான் வழி மரபும் இருந்தன. ஆயினும் அவை பள்ளிக்கூட வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. பள்ளிக்குள் இருந்தது டிரில். படையிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் டிரில் மாஸ்டராக அமர்ந்தனர். வரிசையாக நில், வலப்புறம் திரும்பு, கையை உயர்த்து என்னும் கட்டளைகளே பாடம். கட்டளையிடுபவர்க்குக் குழந்தையின் எலும்பு எவ்வயதில் எவ்வாறு வளரும் என்பது தெரிய வேண்டியதில்லை. தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவருக்கு அதனைக் கற்பிக்க ஓர் இடமே இந்நாட்டில் இல்லை.

ஒய்.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிக்கென 1908இல் ஜே. ஹென்றி கிரே கல்கத்தாவுக்கு வந்திருந்தார். அவ்வழியில் 1919இல் பக் இந்தியா வந்தடைந்தார். மறு ஆண்டே, அதாவது 1920இல், சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்க்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஓர் ஓலைக் கொட்டகை, 5 மாணவர்கள். நாடெங்கும் ஒத்துழையாமைக் குரல் எழுந்த ஆண்டு அது. அயல்நாட்டார் தொடங்கும் எதனையும் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், சமயப் பணி சார்ந்த ஓர் அமைப்பின் வழி வந்த வெள்ளையரிடம் பயில 5 பேராவது முன்வந்தது வியப்பன்று என்று கூறிவிட முடியாது.

அப்பள்ளியின் சிறப்பு, மாணவரை அது எவ்வாறு நோக்கியது என்பதில் உள்ளது. உடற்கூற்றியல், உடலியங்கியல், நலவியல், கற்பிக்கும் முறை ஆகியவை வகுப்பறையில் நிகழும். களத்தில் செய்முறை நிகழும். தாம் ஆடுவதோடு மாணவன் கடமை முடிவதில்லை. பிறரை அணிபிரித்து ஆடச் செய்யவும், வலுவற்ற சிறுவனுக்கும் ஓரிடம் அளிக்கவும், தவற்றைக் கண்டு திருத்தவும் அவன் பழக வேண்டும். பட்டதாரிகள் பட்டயப் படிப்பில் சேரலாயினர். பட்டம் பெறாதோர்க்குக் கல்வித் தகுதிக்கேற்ப உயர்நிலை, கீழ்நிலைச் சான்றிதழ்கள் வழங்கும் முறை சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. பட்டம் பெற்ற ஒருவர், கணிதத்தையோ வரலாற்றையோ கற்பிக்கச் செல்லாமல், ஊதலும் கையுமாகத் திடலுக்கு வர முடிவு செய்த அந்த மாற்றம் சிறியதன்று. சென்னை அரசு பக்கினைத் தன் உடற்கல்வி ஆலோசகராகவும் ஏற்றுக்கொண்டது.

அவரைப் பற்றி ஒரு வினா எழுதல் இயல்பு. மேலைநாட்டு ஆட்டங்களைக் கொணர்ந்து நம் ஆட்டங்களை அவர் ஒதுக்கிவிட்டாரா? அவ்வாறு கூறுதல் பொருந்தாது. தண்டால், பைட்டக், லெஜிம் முதலிய இந்தியப் பயிற்சிகளையும் நாட்டு ஆட்டங்களையும் அவர் மேலைநாட்டு முறைகளோடு இணைத்தே பயிற்றுவித்தார். எந்நாட்டு முறையாயினும் குழந்தைக்கு நன்மை தருவது எதுவோ அதனைக் கொள்வது அவர் கொள்கை. ஆட்ட விதிகளைத் தொகுத்து அவர் ஆக்கிய நூல் ஒன்று உண்டு. அதன் பதிப்புகளில் கபடி, கோ-கோ, பூப்பந்து ஆகியவை கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் அருகே இடம்பெற்று, இந்தியப் பள்ளிகள் பலவற்றிற்கும் சென்றன. எழுத்தில் வாராத ஆட்டம் தேர்வுக்கும் போட்டிக்கும் வாராது என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. அதே வேளை, அமராவதியில் 1914இல் தோன்றிய அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் என்னும் அமைப்பு, முற்றிலும் இந்திய மரபிலிருந்து புறப்பட்டு, 1936இல் பெர்லின் நகரில் கபடியை உலகினர் முன் ஆடிக் காட்டியது. இவ்விரு நீரோடைகளும் கலந்ததே இன்றைய இந்திய உடற்கல்வி. பக் ஒருவரே எல்லாம் செய்தார் என்று எழுதுவது வரலாறாகாது.

1924ஆம் ஆண்டு அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டுப் பிப்ரவரியில் டில்லியில் அகில இந்திய அளவிலான போட்டிகள் நடைபெற்றன. அவற்றிலிருந்து தடகள வீரர் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அனுப்பப்பட்டனர். அக்குழுவை அழைத்துச் சென்ற மேலாளர் பக். குழுவில் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் கலந்துகொண்ட சி. கே. லட்சுமணன் சென்னை மாகாணத்துக் கண்ணூரைச் சேர்ந்தவர்; பிற்காலத்தில் மருத்துவராக உயர்ந்து இந்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமைப் பொறுப்பை வகித்தார். ஓடியவன் படிப்பில் உருப்படான் என்று கூறுவோர் இச்செய்தியைக் குறித்துக்கொள்ளலாம். தடகளக் குழு பதக்கமின்றியே திரும்பியது. ஆயினும் முயற்சி வீணாகவில்லை. தொராப்ஜி டாட்டா, ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த டாக்டர் நோரன் ஆகியோருடன் பக்கும் உழைத்ததன் பயனாக, 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவாயிற்று.

அவர்தம் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, அடையாற்றங்கரையில் அன்று சைதாப்பேட்டை என வழங்கிய நிலப்பரப்பில் நிலைகொண்டது. களங்களையும் கட்டடங்களையும் மரங்களையும் அவரும் அவர் துணைவியார் மேரி பக்கும் பார்த்துப் பார்த்து அமைத்தனர். உடற்கல்வி தொடர்பான இதழ் ஒன்றையும் நடத்தினார். இரண்டாம் உலகப் போர் உச்சத்திலிருந்த 1943இல், அறுபது வயதும் நிறைவுறாத நிலையில் அவர் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி அவரோடு நின்றுவிடவில்லை. அவர் வாழ்நாளிலேயே லக்னோவில் 1932இலும், பம்பாய்க் காந்திவிலியில் 1938இலும் உடற்கல்விப் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 1957இல் மத்திய அரசு குவாலியரில் லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியை நிறுவி, மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. அங்கே 1963இல் முதுநிலைப் பட்டம் வந்தது. ஓலைக் கொட்டகையில் ஓராண்டுப் பயிற்சியாகக் கருக்கொண்ட கல்வி, நாற்பது ஆண்டுகளில் பட்டமேற்படிப்பாயிற்று. தமிழ்நாட்டில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் இத்துறைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே அமைந்தது. 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகள் பி.பி.எட்., எம்.பி.எட். இரண்டையும் ஈராண்டுப் படிப்புகளாக வகுத்துள்ளன.

முதுநிலையில் உயிர் இயக்கவியல், உடற்பயிற்சி உடலியங்கியல், விளையாட்டு உளவியல், அளவிடலும் மதிப்பிடலும், ஆய்வு முறை எனப் பாடங்கள் விரிகின்றன. நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. சிற்றூரிலிருந்து தமிழ்வழியில் பயின்று வரும் மாணவன் களத்தில் முதல்வனாகவும் தாளில் பின்தங்கியவனாகவும் இருப்பதற்கு இதுவே காரணம். இக்குறை உடற்கல்வித் துறையினுடையது மட்டுமன்று, கலைச்சொல்லும் பாடநூலும் ஆக்கித் தர வேண்டிய தமிழ்த் துறையினராகிய நம்முடையதுமாம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். பக் விரட்டிய பழைய எண்ணம் வேறு வடிவில் நம் பள்ளிகளில் இன்னும் வாழ்கிறது. பொதுத்தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டு நேரம். வேறு படிப்பில் இடம் கிடைக்காதவன்தான் பி.பி.எட். செல்வான் என்று பெற்றோரும் எண்ணுகின்றனர். பெண்பிள்ளைகளின் நிலையோ இன்னும் வருந்தத்தக்கது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களாக அம்மானை, நீராடல், ஊசல் ஆகிய விளையாட்டுகளையே வைத்தது நம் இலக்கியம். அவ்விலக்கியத்தைத் தேர்வுக்கு மனனம் செய்யும் மாணவி, வயதுக்கு வந்தபின் திடலில் கால் வைப்பதில்லை. நம் மூத்தோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. மகளிர்க்கெனத் தேர்ச்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியைகள் இருந்தால் தயக்கத்திற்கான காரணங்களுள் பாதி நீங்கும். அவ்வாசிரியைகள் நம் வீடுகளிலிருந்தே வர வேண்டும்.

ஓடைப்பட்டியிலிருந்து இத்துறையில் பட்டமோ மேற்பட்டமோ நாடும் ஒருவர், காரைக்குடியின் அழகப்பா உடற்கல்விக் கல்லூரிக்கோ, சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரின் பல்கலைக்கழகத்திற்கோ, பக் நிறுவிய நந்தனம் கல்லூரிக்கோ செல்லலாம். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பி.பி.எட். படிப்புக்கு வகுத்த பாடத்திட்டத்தின் வரலாற்றுப் பகுதியில், ஒய்.எம்.சி.ஏ.யும் அதன் பங்களிப்பும் ஒரு தலைப்பாகவே இடம்பெற்றுள்ளது.