கணினியறையின் கதவைத் திறந்தவர்

1964ஆம் ஆண்டு மே முதல் நாள், விடியற்காலை நான்கு மணி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் ஒரு மாணவரும் தனித்தனித் தட்டச்சுப் பொறிகளின்முன் அமர்ந்து, ஒரே வேளையில் தத்தம் நிரலை இயக்கினர். ஒரே கணினி இருவருக்கும் சரியான விடையைத் தந்தது. அந்தப் பேராசிரியர் ஜான் கெமனி. ஒரு கணினி ஒரு நேரத்தில் ஒருவருக்கே உழைத்த காலம் அது. அதனாலேயே அந்த விடியல் நினைக்கத்தக்கதாயிற்று.

கெமனி 1926இல் அங்கேரி நாட்டின் புடாபெஸ்டு நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இட்லரின் கை ஓங்குவதை உணர்ந்த தந்தை முன்னதாகவே அமெரிக்கா சென்று, 1940இல் குடும்பத்தை அழைத்துக்கொண்டார். ஊரைவிட்டு வர மறுத்த தாத்தா, பின்னர் நேர்ந்த யூதப் படுகொலையில் மாண்டார்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த கெமனி போர்க்காலத்தில் படைக்கு அழைக்கப்பட்டு, அணுகுண்டு ஆய்வு நடந்த லாஸ் அலமோசுக்கு அனுப்பப்பட்டார். அங்கே 17 கணக்குப் பொறிகளைக் கொண்டு சுமார் 20 பேர் இரவுபகலாகக் கணக்கிட்டனர். ஓராண்டு முழுதும் தாங்கள் பட்ட பாட்டைப் பிற்காலத்தில் ஒரு கல்லூரி மாணவர் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவார் என்று அவர் சொல்வதுண்டு. போருக்குப்பின் அலோன்சோ சர்ச்சின் வழிகாட்டுதலில் 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராகவும் இருந்தார். ஐன்ஸ்டைனுக்குமா கணித உதவி என்று வியக்கலாம், தேவைப்படத்தான் செய்தது.

1953இல் டார்ட்மத்தில் பேராசிரியரானபோது கெமனிக்கு வயது 27. அங்கே அப்போது கணினியே இல்லை. சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ், துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் அடுக்கித் தொடர்வண்டியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக்குக் கொண்டுசென்று கணக்கை முடித்து வருவார். ஓர் அட்டையில் சிறு பிழை இருந்தாலும் அந்தப் பயணம் வீண்.

இத்தகைய முறையில் மாணவர் எவ்வாறு கற்பர்? தவறு செய்து, அதை உடனே கண்டு, திருத்திப் பார்க்கும்போதன்றோ கல்வி நிகழ்கிறது! இருவரும் நேரப்பகிர்வு முறையைக் கையிலெடுத்தனர். மனிதர் யோசித்துத் தட்டும் இடைவெளியில் கணினி மற்றவர்க்கு உழைக்கும். காத்திருப்போர்க்குச் சில நொடிகளில் முறை வந்துவிடும். அதற்கான நிரல்களை எழுதியவர்களில் பெரும்பாலோர் இளநிலை மாணவர்களே. அன்றைய நிரல்மொழிகள் புதியவரை மிரட்டியதால், எளிய ஆங்கிலச் சொற்களால் அமைந்த ‘பேசிக்’ என்னும் மொழியையும் உருவாக்கினர். அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டனர்.

நூலகத்தில் மாணவர் தாமே அடுக்குகளுக்கிடையே நடந்து நூலை எடுப்பதுபோல, கணினியையும் காரணம் சொல்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பது கெமனியின் கொள்கை. டார்ட்மத் மாணவருள் பெரும்பாலோர் அறிவியல் பயிலாதவர். நாளை நாட்டின் முடிவுகளை எடுக்கப்போகிறவர்கள் அவர்களே. பொறியின் ஆற்றலையும் எல்லையையும் அவர்கள் அறியாதிருப்பது கேடு என்று அவர் கருதினார். ஆகவே முதலாண்டுக் கணித வகுப்பிலேயே நிரல் எழுதுதல் இடம்பெற்றது. விளையாடுவதையும் அவர் தடுக்கவில்லை. பேசிக் ஒழுங்கற்ற நிரலெழுதும் பழக்கத்தை வளர்ப்பதாகப் பின்னாளில் அறிஞர் சிலர் கண்டித்தனர். அக்கண்டனத்தில் உண்மை இல்லாமலில்லை.

1970இல் கல்லூரித் தலைவரான கெமனி, 1972இல் அங்கே முதன்முறையாகப் பெண்களை மாணவியராகச் சேர்த்தார். பழைய மாணவர் பலரின் எதிர்ப்புக்கு அஞ்சவில்லை. தலைவராக இருந்தபோதும் வகுப்பெடுப்பதை விடவில்லை.

1979இல் பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதனை ஆராயும் குழுவுக்குக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கெமனியைத் தலைவராக்கினார். முதல் சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒருசேர ஒலிக்க, எது முதன்மையானது எனப் பணியாளர் அறியாது திகைத்திருந்தனர். கருவியின் பழுதைவிட, அதை இயக்கியோர்க்கு அளித்த பயிற்சியின் குறையும் மேற்பார்வையின் குறையுமே பெரிது என அவரது குழு அறிக்கை கூறியது.

1981இல் பதவி விலகிய கெமனி மீண்டும் ஆசிரியப் பணிக்கே திரும்பினார். சிறு கணினிகள் பெருகியபோது பேசிக் பலரால் பலவாறு சிதைக்கப்பட்டதைக் கண்டு வருந்தி, கர்ட்சுடன் சேர்ந்து அதனைச் செப்பம் செய்து ‘ட்ரூ பேசிக்’ எனும் பெயரில் வெளியிட்டார். 1992 டிசம்பரில், 66ஆம் வயதில் இதயச் செயலிழப்பால் காலமானார்.