பதிப்புச் செம்மல் உ. வே. சாமிநாதையர்

பனையோலையில் எழுதப்பட்ட நூல் பலர் கைக்கு எட்டுவதன்று. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப் பல நாள் ஆகும். ஓலையோ செல்லரித்தும் முறிந்தும் அழியும் இயல்பினது. அச்சுப்பொறி வந்தபின், ஒரு நூலை ஆயிரம் படிகளாக ஆக்குதல் எளிதாயிற்று. ஆயினும், ஏட்டில் உள்ளதை உள்ளவாறே எழுத்துக்கோத்து அச்சிட்டுவிட்டால் அது கற்பார்க்குப் பயன்படும் நூலாகிவிடாது. பிழை களைந்து, பொருள் விளங்குமாறு ஒழுங்குபடுத்தி, அச்சுக்கு ஏற்ற வடிவம் கொடுத்தல் வேண்டும். அவ்வரிய பணியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

அன்று தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த உத்தமதானபுரம் இவர்தம் ஊராகும். இவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள், வேங்கடசுப்பையருக்கும் சரஸ்வதி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் இசைவல்லவர்; ஊர்தோறும் சென்று இராமாயணக் கதை கூறி, அன்பர் அளிக்கும் பொருளைக்கொண்டு குடும்பத்தை நடத்தியவர். அதனால், ஐயரவர்களின் இளமைக் கல்வி பெரிதும் அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலேயே நிகழ்ந்தது. இன்று தனித்தனி மாவட்டங்களாக விளங்கும் இவை அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன.

அரியலூரில் சடகோபையங்கார் என்னும் புலவர், செய்யுளின் சுவையை எடுத்துக்காட்டி, சிறுவராயிருந்த ஐயர் உள்ளத்தில் தமிழார்வத்தை விதைத்தார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் திருவிளையாடற் புராணமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணமும் இவர் கற்றார். அச்சிட்ட தமிழ் நூல்கள் அக்காலத்தில் அரியன. எவ்வூரில் ஆசிரியர் உளரோ, எவர் வீட்டில் ஏடு உளதோ, அவ்விடத்தை நாடிச் செல்லுதல் ஒன்றே கற்க விரும்பினார்க்கு வழியாக இருந்தது. நூலின்றி வருந்துவோர் நிலையை ஐயரவர்கள் இளமையிலேயே நன்கு உணர்ந்தார்.

பின்னர், 1871ஆம் ஆண்டில் மாயூரம் சென்று, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராய் அமர்ந்தார். 1876ஆம் ஆண்டில் ஆசிரியர் மறையும் வரையில் அவரிடம் கற்றார். 1880ஆம் ஆண்டில், தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார்.

அவ்வாண்டிலேயே, முன்சீபாக அங்கு வந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயரவர்கள் கண்டார். தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணங்களையெல்லாம் எடுத்துக் கூறினார். முதலியாரோ அவற்றால் மனநிறைவு கொள்ளாது, சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டோ என வினவினார். அவ்வினாவே ஐயரவர்களின் வாழ்வைத் திருப்பிவிட்டது.

சிந்தாமணியை அச்சிடப் புகுந்தபோது இடையூறுகள் பல எதிர்ப்பட்டன. ஓலையில் மெய்யெழுத்திற்குப் புள்ளியில்லை. குறிலுக்கும் நெடிலுக்கும் பல இடங்களில் வேறுபாடில்லை. ஒரே வடிவத்தைக் ‘கெடு’ என்றும் படிக்கலாம். ‘கேடு’ என்றும் படிக்கலாம். செய்யுளும் உரையும் பிரிவின்றி ஒன்றாய்க் கலந்து கிடந்தன. ஐயரவர்கள் பல ஏடுகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் குறித்துக்கொண்டார். சமண சமயக் கருத்துக்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டுத் தெளிந்தார்.

நூல் எழுதி முடிந்தவுடன் பணி முடிந்துவிடவில்லை. தாளுக்கும் அச்சுக்கூலிக்கும் பொருள் வேண்டும். ஆதலின், நூலை வாங்க உடன்படுவாரிடம் முன்னரே கையொப்பம் பெற்றார். குறைந்ததற்குக் கடனும் பட்டார். அச்சுக்கூடத்தார் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துத் திருத்துதற்குரிய தாளை அனுப்புவர். ஓரெழுத்துப் பிழையும் பொருளைக் கெடுக்குமாதலின், அதனைப் பன்முறை படித்துத் திருத்துவார். திருத்திய பின்னரே பாரம் அச்சேறும். விடுமுறை வந்தால் சென்னைக்கே சென்று இரவு பகலாக உழைப்பார். இவ்வாறு ஏழாண்டு உழைப்பின் பயனாக, 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி வெளிவந்தது.

பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. குறிஞ்சிப்பாட்டில் மலர்ப் பெயர்கள் வரும் பகுதியிற் சில அடிகள் கிடைக்கவில்லை. ஐயரவர்கள் அதனை அவ்வாறே விட்டுவிட மனமின்றி, தருமபுர மடத்துச் சுவடிகளினிடையே தேடிக் கண்டுபிடித்தார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழைய ஏடுகள் தீயில் இடப்பட்டன என்னும் செய்தியே அவருக்குக் கிடைத்தது. காலந்தாழ்த்தால் எவ்வளவு இழப்பு நேரும் என்பதை அது அவர்க்கு உணர்த்திற்று.

ஐயரவர்கள் பதிப்பித்த நூல்களில் முகவுரை, நூலாசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், பாடவேறுபாடு, அருஞ்சொல் அகராதி முதலியன முறையாக அமைந்திருக்கும். நூலைக் கையில் எடுப்பவன் எதனை எங்கே காணலாம் என்று மயங்கவேண்டுவதில்லை. ஆசிரியர் அருகில் இல்லாத மாணவனுக்கு அந்நூலே ஆசிரியராகிறது. பக்கத்தை அழகுபடுத்துதலினும், படிப்பவனுக்கு வழிகாட்டுதலே சிறந்த அமைப்பு என்பதை அப்பதிப்புக்கள் காட்டுகின்றன.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய ஐயரவர்கள் 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரை அடைந்தன. முதுமையிலும் பணி ஓயாது, 1937இல் குறுந்தொகையைத் தம் உரையுடன் வெளியிட்டார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார். மறு ஆண்டு அவர் பெயரால் நிறுவப்பெற்ற நூல்நிலையம் சென்னையில் அவர் தொகுத்த சுவடிகளைக் காத்து வருகிறது.

ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த சிறுவர், பிற்காலத்தில் நூலை ஊர்தோறும் சென்று சேரச் செய்தார். தாம் பட்ட குறையைப் பிறர் படாவண்ணம் நீக்குதலே கல்வியின் பயன் என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.