பாதி செஸ் போர்டில் ஒரு குதிரை: வேதாந்த தேசிகர் போட்ட புதிர்

வத்தலக்குண்டில் கொடைக்கானல் பஸ் ஏறியிருக்கீங்க. செஸ் ஆப்பில் இன்றைய புதிர் பாதியில் நிற்கிறது. மலை ஏற ஏற சிக்னல் போயே போச்சு. விடுங்க, பையிலிருந்து ஒரு பேப்பர் எடுங்க. குறுக்கே எட்டு, கீழே நாலு வரிசையா கட்டம் போடுங்க. மொத்தம் 32, அதாவது பாதி செஸ் போர்டு. ஒரு குதிரை எல்லாக் கட்டத்தையும் மிதிக்கணும். எதையும் ரெண்டாவது தடவை தொடக் கூடாது.

இந்தக் குதிரையை வைத்துக் கவிதையே எழுதியிருக்கிறார் நம்ம காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர். வேதாந்த தேசிகர். வைணவ ஆசாரியர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. செஸ் புதிரோடு சேர்த்துக் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க.

1268-ல் காஞ்சிபுரம் தூப்புலில் பிறந்தவர். வேங்கடநாதன் என்பது இயற்பெயர். தாய்மாமா அப்புள்ளாரிடம்தான் படிப்பு எல்லாம். பிறகு கடலூர் பக்கம் திருவஹீந்திரபுரத்தில் பல காலம் இருந்தார். அங்கே அவரே கட்டியதாகச் சொல்லும் கிணறு இன்னும் இருக்கு. சாப்பாட்டுக்கு வீடு வீடாக உஞ்சவிருத்தி. விஜயநகர அரசவைக்கு வரச்சொல்லி வித்யாரண்யர் அழைத்தும் போகவில்லை என்கிறது மரபு.

ஸ்ரீரங்கத்தில் நடந்த போட்டி ஒன்றையும் மரபு சொல்கிறது. ஒரே ராத்திரியில் ஆயிரம் பாட்டு எழுதணும். ரங்கநாதரின் பாதுகையை, அதாவது செருப்பை, எடுத்துக்கொண்டு தேசிகர் 1008 எழுதி முடித்தார். அதுதான் 'பாதுகா ஸஹஸ்ரம்'. ஒரு ராத்திரிக் கணக்கை நீங்க நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஆனா 929, 930-வது ஸ்லோகங்களை யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம்.

929-ல் 32 எழுத்து. வரிசைக்கு எட்டாக உங்க கட்டத்தில் எழுதுங்க. நேராகப் படித்தால் ஒரு ஸ்லோகம். குதிரை தாவும் வழியில் படித்தால் அதே 32 எழுத்தும் இடம் மாறி 930-வது ஸ்லோகமாக வந்து நிற்கும்! ரெண்டுமே சமஸ்கிருதம், ரெண்டுக்கும் யாப்பு சரி, ரெண்டுக்கும் தனித்தனி அர்த்தம். குதிரைக்கு வழி கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்த வழியில் எழுத்து மேல எழுத்தாக அர்த்தம் விழ வைப்பது வேற லெவல் வேலை.

இந்த வித்தையை முதலில் செய்தவர் அவர் இல்லை. 9-ம் நூற்றாண்டிலேயே காஷ்மீரின் ருத்ரடர் தன் 'காவ்யாலங்கார'த்தில் குதிரைப் பாட்டு வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் இதே குதிரைக் கணக்கை ஆராய்ந்தது 1759-ல். தேசிகர் மறைந்து கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழித்து.

எழுத்தோடு விளையாடியவர், எழுத்துக்காக உயிரையும் பணயம் வைத்தார். 1320-களில் டெல்லி சுல்தானின் படை ஸ்ரீரங்கத்துக்குள் புகுந்தது. ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு 'ச்ருதப்ரகாசிகை' என்ற பெரிய உரை எழுதிய சுதர்சன சூரி, அந்த ஓலைச்சுவடியையும் தன் ரெண்டு மகன்களையும் தேசிகரிடம் ஒப்படைத்தார். தேசிகருக்கு அப்போ ஐம்பது வயசு தாண்டியாச்சு. பிணங்களுக்கு நடுவே பிணம் போலவே ராத்திரி முழுக்க அந்தப் பிள்ளைகளோடு கிடந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. பிறகு மூணு பேரும் சுவடியும் கர்நாடகப் பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் சத்தியாகாலத்துக்குத் தப்பினார்கள். சூரி அந்தப் படையெடுப்பில் இறந்துபோனார். அவர் எழுதிய உரையை இன்னிக்கும் படிக்கிறாங்க.

1369-ல் தேசிகர் மறைந்தார். நூறு வயசைத் தாண்டியிருந்தார்.

சரி, பேப்பர் கையில்தானே இருக்கு? குதிரையை மேல் வரிசை முதல் கட்டத்தில் வைங்க. அடுத்து ரெண்டாம் வரிசை மூணாவது, மேல் வரிசை அஞ்சாவது, ரெண்டாம் வரிசை ஏழாவது, கடைசி வரிசை எட்டாவது. இதுவரை தேசிகர் போன வழி. அவர் குதிரை போய் நிற்பது கடைசி வரிசை மூணாவது கட்டத்தில். நடுவில் இன்னும் 26 கட்டம் இருக்கு. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்ட் வர்றதுக்குள்ள முடிச்சிடுவீங்களா?