தட்டில் ஏறிய மதுரைக் கோட்டை: யார் இந்த தாமஸ் டேனியல்?

சென்னிமலைத் தறிக்காரர்களுக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரியும். கைத்தறியில் ஒரு போர்வை டிசைன் நன்றாகப் போனால், அதையே விசைத்தறியில் ஓட்டி, விலையைக் குறைத்து விற்க ஆள் வந்துவிடும். 200 வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆங்கில ஓவியருக்கும் இதே கதைதான். அதில் நம்ம மதுரையும் இருக்கிறது.

யார் இவர்?

தாமஸ் டேனியல், 1749-ல் லண்டனுக்குப் பக்கத்தில் கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா விடுதி நடத்தியவர். மகன் முதலில் பழகிய தொழில், கோச் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டுவது. பிறகு ராயல் அகாடமியில் ஓவியம் படித்தார். 1785-ல், சகோதரர் மகன் வில்லியமைக் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

தமிழ்நாட்டுக்கு ஏன் வந்தார்?

வரைவதற்குத்தான். கல்கத்தாவில் தன் ஓவியங்களை லாட்டரி விட்டுப் பணம் சேர்த்தார். 1792-ல் மூன்றாம் மைசூர் போர் முடிந்த கையோடு தெற்கே கிளம்பினார். ராயக்கோட்டை, திருச்சி, மதுரை, பாபநாசம், ராமேஸ்வரம், தஞ்சாவூர் என்று சுற்றினார்கள். லென்ஸ் பொருத்திய பெட்டியில் விழும் காட்சியைப் பார்த்து அளவு பிசகாமல் வரைந்தார்கள். ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை உழைத்து, 'ஓரியன்டல் சீனரி' என்ற தலைப்பில் 144 அச்சுப் படங்கள் வெளியிட்டார்கள்.

படம் தட்டுக்கு எப்படிப் போனது?

செம்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, நீல மை பூசி, மெல்லிய தாளில் அச்செடுப்பார்கள். ஒருமுறை சுட்ட தட்டில் அந்தத் தாளை ஒட்டித் தேய்த்தால் படம் இறங்கிவிடும். தாளைக் கழுவிவிட்டு, மெருகு பூசி மறுபடி சுட்டால் தட்டு ரெடி. லிவர்பூலின் ஹெர்குலேனியம் ஆலை மதுரைக் கோட்டைக் காட்சியை இப்படித்தான் தட்டில் இறக்கியது. வேறு சில ஆலைகள், ஒரு படத்தில் கட்டடம், இன்னொன்றில் மரம் என்று வெட்டி ஒட்டின. இங்கிலாந்து ஆலைகள் அமெரிக்கர்களுக்கு விற்க நயாகரா அருவியையும் தட்டில் அச்சடித்தன.

ஓவியருக்கு என்ன கிடைத்தது?

டேனியல் ஒன்றும் நொடித்துப் போகவில்லை. 1799-லேயே ராயல் அகாடமி உறுப்பினர் ஆகிவிட்டார். ஆனால் தட்டில் படம் போட அவரிடம் கேட்டாக வேண்டும் என்ற நிலை அப்போது இல்லை. பொருட்களின் வடிவமைப்புக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1842-ல் வந்த பிறகே இந்தக் காப்பி குறைந்தது. டேனியல் 1840-லேயே இறந்துவிட்டார்.

இன்று இந்தியாவில், 2000-ம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி ஒரு புது டிசைனைப் பதிவு செய்தால் 10 வருஷம் பாதுகாப்பு. புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம். ஒரு நிபந்தனை: டிசைனை வெளியிடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சந்தைக்கு விட்ட பிறகு போனால் பொதுவாகப் பலன் இல்லை.