அகராதி தந்த அருட்தந்தை துப்புயி

நம் புதுவை மண்ணில் தமிழ்ப் பெண்களின் கல்விக்கு வித்திட்டவர் அருட்தந்தை லூயி சவினியன் துப்புயி. பிரான்சு நாட்டின் சான்ஸ் பகுதியில் 1806-ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரீஸ் அந்நிய வேதபோதக சபையில் சேர்ந்து 1832-இல் புதுவை வந்தார். தமிழை நன்கு கற்றார். மிஷன் அச்சகத்தின் பொறுப்பும் இவரிடம் வந்தது.

அக்காலத்தில் பெண் பிள்ளை ஏடு எடுப்பதே இழுக்கு என்று பல குடும்பங்கள் எண்ணின. 1844-இல் புதுவையில் கூடிய குருக்கள் மாமன்றம் கல்வியை வலியுறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பெண்களுக்குக் கற்பிப்பதற்கென்றே மாமரியின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையை அடிகளார் நிறுவினார். ஏச்சும் எதிர்ப்பும் எழுந்தன, அவர் பின்வாங்கவில்லை.

1846-இல் இலத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி வெளிவந்தது. அருட்தந்தை மூசேயும் இவரும் சேர்ந்து உழைத்த நூல் இது. முகப்பில் இருவர் பெயரும் இல்லை. வேதபோதகர் இருவர் இயற்றியது என்ற குறிப்பு மட்டுமே உண்டு.

இலத்தீன் என்றால் பீடத்து மொழி என்றே நினைக்கிறோம். அது தோல் தொழிலாளியின் மொழியாகவும் இருந்தது. பெல்லிஸ் என்றால் உரித்த தோல். கோரியும் என்றால் தடித்த தோல். அலூத்தா என்பது படிகாரத்தால் பதமாக்கிய மெல்லிய தோல். செருப்புத் தைப்பவர் சூத்தோர். தோல் பதனிடுபவர் கோரியாரியுஸ். யோப்பா நகரில் புனித இராயப்பர் தங்கியது சீமோன் என்னும் கோரியாரியுஸ் வீட்டில்தான். ஊரார் ஒதுக்கிய தொழிலாளியின் வீடு அப்போஸ்தலருக்கு இல்லமாயிற்று!

இச்சொற்களுக்குத் தமிழ் காண்பது எளிதல்ல. ரோமர் கருவாலி மரப்பட்டையில் தோலை ஊறவைத்தனர். நம் நாட்டிலோ சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டை நீரில் பதனிட்டனர். தொழிலை அறியாமல் சொல்லை மட்டும் பெயர்த்தால் பொருள் தவறிவிடும். அகராதியில் உயர்வு தாழ்வு இல்லை; பீடத்தின் சொல்லும் தோல் தொட்டியின் சொல்லும் ஒரே அளவு எழுத்தில் நிற்கும்.

தொடர்ந்து 1855-லும் 1862-லும் தமிழ்–பிரெஞ்சு அகராதி இரு தொகுதிகளாக வெளிவந்தது. 1874 ஜூன் 4-இல் புதுவையிலேயே அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

சகோதரிகளே! வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் நாம் இன்று புத்தகப் பையுடன் தயக்கமின்றிப் பள்ளிக்கு வருகிறோம். அந்த வழியை நமக்குத் திறந்தவர், தம் நூலில் பெயர்கூடப் பொறிக்காதவர். நாம் அவர் பெயரை மறவாதிருப்போம். எந்தத் தொழிலாளியையும் இகழாதிருப்போம்.