இராமலிங்க அடிகள்

இராமலிங்க அடிகள் (அக்டோபர் 5, 1823 – சனவரி 30, 1874) தமிழ்நாட்டில் வாழ்ந்த அருளாளரும் கவிஞரும் சமூகச் சீர்திருத்தவாதியும் ஆவார். திருவருட்பிரகாச வள்ளலார் என்றும், சுருக்கமாக வள்ளலார் என்றும் அழைக்கப்படுகிறார். இவர் பாடிய பாடல்களின் தொகுப்பு திருவருட்பா எனப்படுகிறது. சாதி, சமய வேறுபாடுகளைக் கடந்த சன்மார்க்க நெறியை நிறுவியதற்காகவும், பசித்தோர்க்கு உணவளிக்கும் சத்திய தருமச்சாலையை வடலூரில் தொடங்கியதற்காகவும் பெரிதும் அறியப்படுகிறார். துறவியர்க்குரிய காவியை ஏற்காமல், உடல் முழுவதையும் வெள்ளாடையால் போர்த்துக்கொண்டது இவருடைய தனித்த அடையாளம் ஆகும். இக்கோலம் இவரது கொள்கையோடும் இயல்போடும் நெருங்கிய தொடர்புடையது.

இளமை

இராமலிங்கர் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளை, சின்னம்மையார் இணையருக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். இவ்வூர் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்றைய கடலூர், விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களும் அம்மாவட்டத்தைச் சேர்ந்தவையே. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். பின்னர் குடும்பம் சென்னையில் குடியேறியது.

தமையனார் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்து வந்தார். தம்பியைப் படிக்க வைக்க அவர் எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. சிறுவர் கந்தகோட்டத்து முருகன் கோயிலிலேயே பொழுதைக் கழித்துப் பாடல்கள் இயற்றினார். வீட்டில் தனியறை ஒன்றில் கண்ணாடியின் முன் விளக்கேற்றி வைத்து வழிபட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

1850-ஆம் ஆண்டில், உறவினர் வற்புறுத்தலால், தமக்கையின் மகளான தனக்கோடியை மணந்தார். ஆயினும் இல்லற வாழ்வில் ஈடுபடவில்லை. 1858-இல் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் சென்றார். அதன்பின் வடலூருக்கு அருகிலுள்ள கருங்குழியில் 1867 வரை தங்கியிருந்தார்.

உடையும் தோற்றமும்

அக்காலத்தில் ஒருவர் உடுத்தும் துணியே அவருடைய வாழ்நிலையைப் பிறருக்கு உணர்த்தியது. இல்லறத்தார் வேட்டி கட்டித் தோளில் துண்டு இட்டனர். துறவு பூண்டவர்கள் காவி உடுத்தனர். மடங்களைச் சேர்ந்தோர் உருத்திராக்கம் முதலிய சின்னங்களை அணிந்தனர். இராமலிங்கர் இவ்வகைகள் எதிலும் அடங்கவில்லை. மணமானவராயினும் இல்லறம் நடத்தவில்லை. துறவியைப் போல் வாழ்ந்தும் காவி உடுத்தவில்லை.

இவருடைய மாணவரான தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபைக்கு அளித்த வாக்குமூலம், நேரில் பழகியவர் தந்த குறிப்பு என்ற முறையில் முக்கியமானது. அதன்படி இவர் ஓரளவு உயரமும் எலும்பு தெரியும் அளவு மெலிந்த உடலும் கொண்டவர். நிமிர்ந்து விரைந்து நடப்பவர். கண்கள் பெரியவை, ஒளி மிக்கவை. முகத்தில் எப்போதும் துயரச் சாயல் இருந்தது. பிற்காலத்தில் தலைமுடியை நீள வளரவிட்டார். யோகியரிடம் அரிதாகக் காணப்படும் வழக்கமாகக் காலணி அணிந்தார். உடை என்பது இரண்டு வெள்ளைத் துணிகள் மட்டுமே.

காவியை ஏற்காததற்கான காரணம் மாணவர்கள் எழுதி வைத்த உபதேசக் குறிப்புகளில் காணப்படுகிறது. காவி என்பது உள்ளத்துப் பகைகளோடு போர் புரிவதற்கான அடையாளம். வென்ற பின் எஞ்சுவது தயவு ஒன்றே. ஆகையால் போர்க்குறி அப்போது தேவையில்லை, வெள்ளை ஆடையே போதும் என்பது இவர் கருத்து.

உடலை மூடியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பிள்ளைப் பெருவிண்ணப்பம் என்னும் நீண்ட பாடற்பகுதியில் தம் இயல்பை இறைவனிடம் இவர் முறையிடுகிறார். கைகளை வீசி நடக்க வெட்கப்பட்டுக் கைகட்டி நடந்ததையும், உடம்பு வெளியே தெரிவதற்கு அஞ்சி வெண்துகிலால் மறைத்ததையும் அங்கே கூறுகிறார். பிறருடைய கோலத்தையும் நடையையும் தாம் ஊன்றிப் பார்த்ததில்லை என்றும் சொல்கிறார். எனவே இக்கோலம் மக்களின் கவனத்தை ஈர்ப்பதற்காகப் பூண்டதன்று. கவனத்திலிருந்து விலகுவதற்காகப் பூண்டதாகும்.

பெயர் பற்றிய மறுப்பு

பெயரிலும் இவர் இவ்வாறே நடந்துகொண்டார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867-இல் அச்சாயின. அதற்காக உழைத்தவர்களுள் ஒருவரான இறுக்கம் இரத்தின முதலியாருக்கு எழுதிய கடிதத்தில், தம்மை இராமலிங்கசாமி என்று வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதற்குத் தாம் உடன்படவில்லை என்று தெரிவித்தார். திருவருட்பிரகாச வள்ளலார் என்ற பெயர் வேலாயுத முதலியார் சூட்டியதாகும்.

சன்மார்க்கப் பணிகள்

- 1865: சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். இதன் பெயர் 1872-இல் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் என மாற்றப்பட்டது.
- 1867, மே 23: வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.
- 1870: மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் இல்லத்தில் தங்கினார்.
- 1872, சனவரி 25: வடலூரில் எண்கோண வடிவிலான சத்திய ஞானசபை திறக்கப்பட்டது.
- 1873, அக்டோபர் 22: சித்திவளாகத்தில் மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடியை ஏற்றிப் பேருபதேசம் செய்தார்.

1871-இல் தருமச்சாலையைச் சார்ந்தவர்களுக்கு இட்ட கட்டளையில், கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்று கூறினார். கைம்மை நிலையை உடலில் அடையாளமிட்டுக் காட்டும் வழக்கத்துக்கு எதிரான கருத்து என்ற வகையில் இது குறிப்பிடத்தக்கது. பேருபதேசத்தில், தாமும் முன்பு சைவ சமயத்தில் மிகுந்த பற்றுக் கொண்டிருந்ததைச் சொல்லி, சமயப் பற்றுகளைக் கைவிடுமாறு அன்பர்களை வேண்டினார்.

இவர் பாடல்களை அருட்பா என்று அழைப்பதை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். இது அருட்பா, மருட்பா விவாதம் எனப்படுகிறது. 1869-இல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை இப்பூசல் சென்றது. இருவர் மறைவுக்குப் பின்னும் இவ்விவாதம் தொடர்ந்தது.

உருவப்படங்கள்

இராமலிங்கரின் நிழற்படம் எதுவும் கிடைக்கவில்லை. சென்னையைச் சேர்ந்த மாசிலாமணி முதலியார் எட்டு முறை படம் எடுத்தும் ஆடை மட்டுமே பதிவாயிற்று, உருவம் விழவில்லை என்று அன்பர்கள் நம்புகின்றனர். பண்ணுருட்டிக் குயவர் ஒருவர் செய்து கொண்டுவந்த மண் பதுமையை இவர் ஏற்காமல் கீழே விட்டு உடைத்தார் என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

இன்று காணப்படும் படங்கள் அனைத்தும் வரையப்பட்டவையே. முக்காடிட்ட வெள்ளாடையைக் கொண்டே மக்கள் இவரை அடையாளம் காண்கின்றனர். நெற்றியில் திருநீற்றுடன் வரைவதா, திருநீறு இன்றி வரைவதா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. இவரைச் சைவ அடியாராகக் காண்போர் திருநீற்றை வலியுறுத்துகின்றனர். சமயம் கடந்தவராகக் காணும் சன்மார்க்க அன்பர்கள் அதைத் தவிர்க்கின்றனர்.

மறைவு

1874 சனவரி 30 அன்று சித்திவளாகத்தில் தம் அறைக்குள் சென்று கதவை மூடச் செய்தார். அதன்பின் எவரும் இவரைக் காணவில்லை. மாவட்ட ஆட்சியராக இருந்த கார்ஸ்டின் 1878-இல் வெளியிட்ட தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. இவர் ஒளியுடல் பெற்றார் என்பது அன்பர்களின் நம்பிக்கையாகும்.

நினைவு

ஆண்டுதோறும் தைப்பூச நாளில் ஞானசபையில் கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு ஆகிய ஏழு நிறத் திரைகளை நீக்கிச் சோதி தரிசனம் காட்டப்படுகிறது.

இவர் நெறியைப் பின்பற்றியவர்களுள் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் (1895–1970) குறிப்பிடத்தக்கவர். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த இவர், பதவி விலகிய பின் வடலூரில் தங்கி வள்ளலார் குருகுலப் பள்ளியையும் சுத்த சன்மார்க்க நிலையத்தையும் உருவாக்கினார்.

1993-இல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, விழுப்புரம் பகுதி தனி மாவட்டமாயிற்று. கடலூரைத் தலைநகராகக் கொண்ட பகுதிக்குத் தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று சில ஆண்டுகள் பெயர் வழங்கியது. இவர் பிறந்த நாளான அக்டோபர் 5, தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவித்தது.